சாந்தும் பதமும்

தமிழிலுள்ள சிறு சொற்களுள் 'பதம்' என்பதும் ஒன்று. வடிவிற் சிறிதாயினும் பொருளிற் பெரிது. கரிசற்காட்டு உழவர் மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டுவாரல்லர்; அன்று மண் சேறாயிருக்கும். பல நாள் கழித்தும் பூட்டுவாரல்லர். அப்போது மண் கல்லாயிருக்கும். இடையில் வரும் சில நாட்களையே 'பதம்' என்று போற்றி, அந்நாட்களில் இரவு பகல் பாராது உழைப்பர். கோவில்பட்டியிற் கடலைமிட்டாய் செய்வோரும், வெல்லப்பாகு உரிய பதத்திற்கு வரும்வரை அடுப்பருகே கண்ணிமையாது நின்று, அதன் பின்னரே கடலையைச் சேர்ப்பர். 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தின் புகழ் அந்தச் சில நொடிகளில் அடங்கியுள்ளது. பாகு இளகினால் மிட்டாய் கையில் ஒட்டும். முறுகினால் நாவிற் கசக்கும்.

இவ்விரு பதங்களோடும் சேர்த்து எண்ணத்தக்க மூன்றாவது பதம் ஒன்று உண்டு. அதுவே கட்டடச் சாந்தின் பதம். சிறப்பாக, பலபடிப் பால் கலந்த சிமெண்டுச் சாந்தைப் பூசிய பின்னர், அதற்கு எத்துணை ஈரம் வேண்டும், எத்துணை உலர்வு வேண்டும், அவற்றுள் எது முந்த வேண்டும் என்பவற்றை ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம்.

இலக்கியம் பயிலும் மாணவர்க்குச் சாந்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். கொத்தனாரும் சித்தாளும் வழங்கும் சொற்களும் தமிழே என்பது எம் முதல் விடை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரத்துச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தமையை எம் வகுப்பினர் நன்கறிவர். இரண்டாவது விடை எம் பாட்டனார் வீட்டுத் தொட்டி. அதன் வரலாற்றை முதலிற் கூறுவாம்.

தொட்டியின் வரலாறு

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்திற்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் எம் பாட்டனார் வீடு உளது. அவ்வூர்க் கிணற்று நீர் உவர்ப்புடையது, வாயில் வைக்கவொண்ணாது. ஆதலின் பாட்டனார் தம் இளமையிலேயே, மாடியில் வீழும் மழைநீரைச் சேர்த்து வைக்கச் செங்கல்லால் ஒரு தொட்டி கட்டினார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் அந்நீர், பங்குனி வரையிற் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதியதாயிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் உட்பூச்சு வெடித்து நீர் கசியலாயிற்று. தை பிறக்குமுன் தொட்டி வறண்டது. எழுபது வயது கடந்த எம் பாட்டியார், தெருக்குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு குடத்தோடு நிற்க நேர்ந்தது.

பழைய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசுவதென வீட்டார் முடிவு செய்தனர். கடைக்காரர் ஒருவர் பால்போன்ற வெண்ணிற நீர்மம் ஒன்றைத் தந்து, "இதனைச் சாந்திற் கலந்தால் தண்ணீரே விட வேண்டுவதில்லை" என்றார். தண்ணீர் அரிய ஊரில் இதனினும் இனிய சொல் உண்டோ! சித்திரை மாதத்து நண்பகலிற் பூச்சு முடிந்தது. ஒரு குடம் நீரும் எவரும் தெளித்திலர். ஐந்தாம் நாள், கோடையிற் பிளந்த கரிசல் நிலம்போல மெல்லிய கோடுகள் எங்கும் படர்ந்திருந்தன. விரலாற் சுண்டினால், உள்ளே பிடிப்பின்றிப் பொள்ளலான ஓசை எழுந்தது. அவ்வாண்டு மழை முழுதும் மண்ணிற் போயிற்று.

மறு ஆண்டு புரட்டாசியில் மீண்டும் அதே பாலைக் கலந்து பூசினர். முன்னைய பிழையை நினைந்து அஞ்சிய வீட்டார், மறுநாளே லாரி நீர் வாங்கித் தொட்டியை நிரப்பினர். அதன்மேல் ஐப்பசி மழையும் வந்து சேர்ந்தது. பூச்சு ஒரு நாளேனும் உலர்ந்ததில்லை. இம்முறை மேற்பரப்பு வெடிக்கவில்லை. ஆயின் மார்கழியில், சுவரும் தரையும் கூடும் மூலையிற் பழைய பிளவே மீண்டும் திறந்தது. விலை கொடுத்து வாங்கிய பால் என்ன பயன் செய்தது என்பது விளங்கவில்லை.

ஒருமுறை நீரின்மையாற் கெட்டது. மற்றொருமுறை நீர் மிகுந்தும் பயன்படவில்லை. பொருள் ஒன்றே, இடமும் ஒன்றே. வேறுபட்டது பூசிய பின் செய்த பேணுதலேயாம். அப்பேணுதலைப் பொறியியலார் 'நீராற்றுதல்' என்பர். இதன் காரணத்தை யாம் எம் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர் ஒருவரிடமும், ஊரிலுள்ள முதிய கொத்தனார் ஒருவரிடமும் கேட்டறிந்தோம். அவ்விருவர் கூறியனவும் பின்னர்ப் படித்தறிந்தனவும் வருமாறு.

சிமெண்டு வேண்டுவது ஈரம்

சாந்து காய்ந்து இறுகுகிறது என்பது பொதுவழக்கு. அது பிழை. களிமண்ணே காய்ந்து இறுகுவது. சிமெண்டோ நீரை உண்டு இறுகுவது. சிமெண்டுத் துகளும் நீரும் வேதியியல் முறையிற் கூடி, நுண்ணிய இழைகளும் படிகங்களும் தோன்றி, அவை ஒன்றோடொன்று பின்னி மணலைப் பற்றிக்கொள்கின்றன. இவ்வினைக்கு நீரேற்றம் என்பது பெயர். முழுதும் வினைப்பட்ட சிமெண்டு, தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரைத் தன்னுட் பிணித்து வைத்திருக்கும். நுண்துளைகளிலுள்ள காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதிற்குக் கீழ் இறங்குமாயின் அவ்வினை பெரும்பாலும் நின்றுபோம். ஆதலாலன்றோ இந்தியத் தரநிர்ணயம் 456, தன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டுமென்றும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் 10 நாள் வேண்டுமென்றும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் 10 நாளிற் குறையலாகாதென்றும் விதித்துள்ளது.

இவ்விடத்துக் கரிசற் சீமையின் முரண் ஒன்று எண்ணத்தக்கது. கோவில்பட்டிக்குத் தெற்கே தாழையூத்தில் 1949-லேயே சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கிற்று. வடக்கே விருதுநகரை அடுத்தும் ஆலங்குளத்திலும் பின்னர் ஆலைகள் எழுந்தன. இவற்றிற்கெல்லாம் மூலப்பொருள் இப்பக்கத்து நிலத்தடிச் சுண்ணாம்புக்கல். சிமெண்டிற்கு வேண்டும் கல்லை ஈந்த நிலம், அச்சிமெண்டை ஆற்றுதற்கு வேண்டும் நீரை ஈயவில்லை. கோவில்பட்டி நகரமே தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியினின்று குழாய்வழி வரும் நீரை எதிர்நோக்கி வாழ்வது. இத்தகைய இடத்திற் பத்து நாள் நீராற்றுதல் என்பது எளிய விதியன்று.

பால் வேண்டுவது உலர்வு

இனி அவ்வெண்ணிறப் பாலின் இயல்பைக் காண்போம். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலிபோற் கோவைப்பட்டு ஆகிய பெருமூலக்கூறே பலபடி. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்களில் வடியும் பாலில் இருப்பது இயற்கைப் பலபடி. சிமெண்டோடு ரப்பர்ப் பாலைச் சேர்க்கும் எண்ணம் புதிதன்று. கிரெசன் என்பார் 1923-லும், லெஃபெபூர் என்பார் 1924-லும் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். இக்காலத்திற் பெரிதும் வழங்குவன ஸ்டைரீன்-பியூட்டாடையீன், அக்ரிலிக், எத்திலீன்-வினைல் அசிட்டேட்டு முதலிய செயற்கைப் பலபடிகள். அவற்றின் பாலில் ஏறத்தாழப் பாதி நீர். மறுபாதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பலபடித் துளிகள். சிமெண்டின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை அப்பலபடி சேருமாறு கலப்பது வழக்கம்.

இத்துளிகள் சாந்திற் செய்யும் வேலை மூன்று படிகளில் நிகழும். முதலில் அவை நீரிற் பரந்து மிதக்கும். அடுத்து, சிமெண்டு நீரை உண்ண உண்ண, எஞ்சிய நீர் குறைந்து, துளிகள் நெருங்கிச் சிமெண்டுத் துகள்மீதும் மணல்மீதும் படியும். இறுதியில், மிகுந்த நீரும் ஆவியாகப் போனபின், துளிகள் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியான படலமாகும். அப்படலம் நுண்துளைகளை அடைக்கும். நுண்ணிய பிளவுகளின் இரு கரையையும் பாலம்போற் பற்றி நிற்கும். பழைய சுவரோடு புதிய பூச்சை ஒட்டுவிக்கும். சிமெண்டை எலும்பென்றாற் பலபடிப் படலத்தை நரம்பு எனலாம். எலும்பு அமுக்கத்தைத் தாங்கும். வளைவையும் இழுப்பையும் தாங்க நரம்பு வேண்டும்.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது மூன்றாம் படி. நீர் நீங்கினாலன்றிப் படலம் தோன்றாது. எனவே ஒரே சாந்தினுள் இரு பிள்ளைகள் உளர். ஒருவன் நீர் வேண்டி அழுகிறான். மற்றவன் நீர் நீங்க வேண்டி அழுகிறான். இருவரையும் ஒருங்கே நிறைவிப்பது இயலாது. ஒருவர்பின் ஒருவராக நிறைவிப்பதே இயலும். முதலிற் சிமெண்டிற்கு ஈரம். பின்னர்ப் பலபடிக்கு உலர்வு. இவ்வரிசையே இச்சாந்தின் பதம்.

இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த ஜப்பானியப் பேராசிரியர் யோஷிஹிகோ ஓஹாமா முதலியோர் கைக்கொண்ட முறை இதனை நன்கு விளக்கும். சோதனைக் கட்டிகளை முதல் 2 நாள் ஈரக்காற்றிலும், அடுத்த 5 நாள் நீரினுள்ளும், எஞ்சிய 21 நாள் உலர்காற்றிலும் வைப்பர். ஆக 28 நாள். அமெரிக்க நாட்டிற் பாலங்களின் மேற்றளத்திற்கு இத்தகைய கலவையை இடுவோர், ஓரிரு நாள் ஈரச்சாக்கு விரித்து, பின்னர் அதனை எடுத்துவிட்டுக் காற்றாட விடுவர். சாதாரணச் சாந்தினும் ஈரநாள் குறைவதற்குக் காரணம், உருவாகிவரும் படலமே உள்ளிருக்கும் நீரை வெளியேறவிடாது காப்பது. கடைக்காரர் சொல்லிற் பாதி மெய் உண்டு என்பது இதனாற் பெறப்படும். நீர் குறைவாகப் போதும் என்பது மெய். நீரே வேண்டா என்பது பொய்.

பதம் தவறினால்

முதன்முறை எம் தொட்டியில் நிகழ்ந்தது ஈரம் பெறாத கேடு. சித்திரை வெயிலில் மேற்பரப்பின் நீர் விரைந்து ஆவியாயிற்று. உள்ளே சிமெண்டு இறுகுமுன்னரே மேலே தோல்போற் படலம் படிந்தது. உள்ளும் புறமும் ஒவ்வாமற் சுருங்கியதால் வெடிப்புக் கண்டது. செங்கற் சுவரும் தன் பங்கிற்கு நீரை உறிஞ்சிக்கொண்டமையாற் பூச்சுச் சுவரைப் பற்றவில்லை. இந்நிலையிற் பின்னர் நீர் தெளித்தும் பெரும்பயன் இல்லை. மேலே படிந்த தோல் அந்நீரை எளிதில் உட்புகவிடாது.

இரண்டாம் முறை நிகழ்ந்தது உலர்வு பெறாத கேடு. சிமெண்டு வயிறார நீர் உண்டது. ஆனாற் பலபடித் துளிகள் நன்கு கலந்து படலமாக வாய்ப்பில்லை. எலும்பு வளர்ந்தது, நரம்பு வளரவில்லை. ஆதலாற் பூச்சு, பால் கலவாத சாந்தினும் பெரிதும் சிறந்ததாகவில்லை. கரிசல் மண்ணோ, அதிலுள்ள மான்ட்மோரிலோனைட்டு என்னும் களிமத்தால், நனைந்தால் உப்பவும் காய்ந்தாற் சுருங்கவும் செய்வது. அவ்வசைவிற்குச் சிறிதும் நெகிழாத பூச்சு மூலையில் விண்டது.

காற்றின் கேட்டையும் ஈண்டுக் கூறாது விடலாகாது. குளிர்நாடுகளிற் படலம் தோன்றுதற்குரிய வெப்பம் போதாதென்று அஞ்சுவர். எம் சீமைக்கு அவ்வச்சம் இல்லை. மேற்கு மலைத்தொடரின் கணவாய்களூடே ஆனி, ஆடி மாதங்களிற் பாய்ந்துவரும் வறண்ட காற்றே எமக்குப் பகை. கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பச்சைச் சாந்தின் நீரையும் கவர்ந்து செல்லும். வானம் மூடியிருக்கிறது, வெயில் இல்லை என்று நம்பி அக்காலத்திற் பூசுவோர் ஏமாறுவர்.

முன்னோர் கண்ட பதம்

இவ்வுண்மை முற்றும் புதியதோ எனின், அன்று. சிமெண்டு வருமுன் நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்தனர். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையின் கண்ணாடி போன்ற மெருகையும், செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சையும் கண்டார் அதன் திறத்தை அறிவர். துவர்ப்பும் இனிப்பும் புரதமுமாகிய இவையும் உயிரினங்கள் தந்த பெருமூலக்கூறுகளையும் அவற்றின் இனங்களையும் கொண்டனவே. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பெற்று. அதற்கும் ஒரு பதம் உண்டு. முற்றும் காய்ந்தால் வினை நடவாது. முற்றும் நனைந்தால் துளைகளில் நீர் நின்று வாயுவைத் தடுக்கும். ஈரமும் காற்றும் அளவோடு கூடவேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழையது நன்று என்று கருதி, சுண்ணாம்பிற்குரிய வெல்லத்தைச் சிமெண்டிற் சேர்த்தல் கூடாது. சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே அதன் இறுகுதலைப் பல மணி நேரம் தாமதிக்கச் செய்யும். மிகுந்தாற் சாந்தே கெடும். முன்னோரிடம் நாம் கொள்ளவேண்டுவது அவர் சேர்த்த பொருளையன்று, அவர் காத்திருந்த பொறுமையை.

மூன்றாம் முறை

எம் வேண்டுகோளின்படி, சென்ற ஆவணியில் முதிய கொத்தனார் வேலையை ஏற்றார். நடந்தவற்றைக் கேட்டு அவர் நகைத்து, "தம்பி, முதல் தடவை பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடாமல் வெயிலிற் கிடத்தினீர்கள். அடுத்த தடவை தொட்டிலை விட்டு இறக்காமலே வளர்த்தீர்கள். பிள்ளை எப்படி நடக்கும்?" என்றார். எம் ஆசிரியர் கூறிய விளக்கம் முழுவதும் அவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது கண்டு வியந்தோம்.

அவர் பழைய பூச்சை முற்றும் கொத்தி நீக்கினார். சுவரை முந்தின நாள் முழுதும் நனைத்து, கல்லில் நீர் ஊறியும் மேலே நில்லாமலும் இருக்கும் வேளை பார்த்தார். மாலை நிழலில், பலபடிப் பால் சேர்த்த சிமெண்டுப் பாலை முதலிற் பூசி, அது காயுமுன் சாந்தை மெல்லிய இரு படைகளாக இட்டார். மூலைகளை வளைவாக ஆக்கினார். மணியாசுக் கட்டையால் ஓரளவே தேய்த்தார். மிகத் தேய்த்தால் மேலே படியத் தொடங்கும் தோல் கிழியும் என்றார். தொட்டி வாயைத் தார்ப்பாயால் மூடிக் காற்றைத் தடுத்தார். சாந்து இறுகியபின் உட்சுவரெங்கும் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு நான்கு குடம் குழாய்நீர் தெளிக்கச் செய்தார். கிணற்று நீரைத் தொடவிட்டிலர். அதிலுள்ள உப்புப் பூச்சின்மேற் பூக்கும். சாம்பல் கலந்த சிமெண்டாதலின், இரண்டு நாளோடு ஒரு நாள் கூட்டி மூன்று நாள் இவ்வாறு செய்தோம். ஆகப் பன்னிரண்டு குடம் நீர். நான்காம் நாள் சாக்கை எடுத்து, தார்ப்பாயைச் சிறிது சிறிதாக விலக்கி, மூன்று வாரம் நிழலில் உலரவிட்டோம். அதன்பின் உட்புறத்தை இருமுறை கழுவி, மழைக்குக் காத்திருந்தோம்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. இக்கட்டுரை எழுதும் பங்குனியிலும் அதில் நீர் உளது. இவ்வெற்றி முழுவதையும் நீராற்றுதலுக்கே உரியதாக்குதல் நேர்மையன்று; வளைத்த மூலைக்கும், ஊறிய சுவருக்கும், கொத்தனார் கைத்திறத்திற்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் அவையெல்லாம் பயன்பட்டது, ஈரமும் உலர்வும் தத்தம் முறையில் வந்தமையாலேயாம்.

கொள்ளத்தக்கன

கரிசல் நிலத்தார் கருத்திற் கொள்ளவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவாம். பலபடிப் பால் எல்லாம் ஒன்றல்ல. பாலிவினைல் அசிட்டேட்டு என்னும் வகை ஈரத்தில் மீண்டும் இளகிக் கெடுவதாதலின், தொட்டிக்கும் மாடிக்கும் அதனைக் கொள்ளலாகாது. குடிநீர்த் தொட்டிக்கு அதற்கென ஏற்கப்பட்ட வகையையே வாங்கவேண்டும். நண்பகலிலும் பெருங்காற்றிலும் பூசலாகாது. முதல் இரண்டு மூன்று நாள் ஈரம் அறாது காத்தல் வேண்டும். அதன்பின் சில வாரம் உலரவிட அஞ்சலாகாது. மழைக்கு முன்னே அவ்வுலர்வுக்குப் போதிய நாள் உளதா என எண்ணியே வேலையைத் தொடங்கவேண்டும். அடித்தளமே கரிசல் மண்ணோடு அசையும் கட்டடத்திற்கு எப்பூச்சும் மருந்தாகாது. அங்கே முதலிற் பேணவேண்டுவது அடித்தளம்.

நோக்குமிடத்து, இச்சாந்து வறண்ட சீமைக்கு ஏற்றதே. அது வேண்டும் உலர்வை எம் நிலம் விலையின்றித் தருகிறது. அது வேண்டும் ஈரமோ சில குடங்களே. அச்சில குடங்களை முதல் நாட்களிற் கொடுக்க மறுப்போர், பின்னர் ஒரு தொட்டி நீரை இழப்பர். கொடுக்கும் அளவினும் கொடுக்கும் காலமே பெரிது என்பதைக் கரிசல் உழவர் பண்டே அறிவர், கொத்தனார் அறிவர், யாம் இரண்டு ஆண்டு மழையை இழந்து அறிந்தோம். இதனைப் படிக்கும் நண்பர் ஒருவரேனும் இழவாமல் அறிவாராயின், எம் பாட்டியார் குடத்தோடு நின்ற நாட்கள் வீணாகவில்லை என்று மகிழ்வோம்.